ஐந்து லிட்டரும் ஒரு ஜோடி மாடும்

நான் முதன்முதலாகக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது, முன்கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தவை இரண்டு மாட்டு வால்கள்.

வலது வால் செவலையுடையது. இடது வால் மயிலையுடையது. நுகத்தடியின் நடுவிலிருந்து ஒரு வடக்கயிறு வந்து எங்கள் அம்பாசிடர் காரின் பம்பருக்கு அடியில் முடிந்திருந்தது. மாடுகளுக்குப் பக்கத்தில் அய்யா நடந்தார். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். தலையில் துண்டு, கையில் சாட்டைக்கம்பு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து, "பிரேக்குல காலு இருக்கா தாயி?" என்று கேட்பார்.

இருந்தது. எப்போது அழுத்துவது என்றுதான் தெரியவில்லை.

பகல் மூன்று மணி. ரெக்சின் சீட் சுட்டது. ஜன்னல் வழியே உப்புக் காற்று அடித்தது. எஞ்சின் ஓடாத காருக்குள் உட்கார்ந்திருந்தால் மாட்டின் கழுத்து மணிகூட அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. கார் பள்ளத்தில் இறங்குமோ, மாட்டின் மேல் மோதுமோ என்ற பயமெல்லாம் இரண்டாவதுதான். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் தொலைப்பார்களே என்பதுதான் முதல் பயம். தாவணி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"மூஞ்சிய மூடிக்கிட்டா ரோடு எப்பிடித் தாயி தெரியும்?" என்றார் அய்யா.

கேனில் கிடையாது

போன மாதம் பெட்ரோல் தீரப்போகிறது என்று யாரோ செல்போனில் கிளப்பிவிட, ராமநாதபுரத்தில் எல்லா பங்க்கிலும் கூட்டம். என் மகள் அரை மணி நேரம் ஸ்கூட்டரோடு நின்றுவிட்டு வந்து, உலகமே அழிந்துவிட்டதுபோல் என்னிடம் கத்தினாள். எனக்கும் முன்கோபம் உண்டு. "அரை மணி நேரமாடி? நாங்கள் மாட்டைக் கட்டி இழுத்தோம்" என்று நானும் கத்தினேன். அதனால்தான் இந்த வாரத் தொடரில் இந்தக் கதை.

நான் சொல்வது வளைகுடாவில் சண்டை மூண்டிருந்த காலம். பெட்ரோல் வரத்து குறைந்து போயிற்று. நாடு முழுக்க இருந்த தட்டுப்பாடு எங்களுக்கும் இருந்தது. அதற்கு மேல் எங்கள் கடற்கரைக்கு மட்டும் இன்னொரு கெடுபிடி. அக்கரையில், இலங்கையிலும் சண்டை. இங்கிருந்து எண்ணெய் படகில் ஏறி அங்கே போகிறது என்று போலீசுக்குச் சந்தேகம். ஆகவே கேனில், பாட்டிலில், தகரத்தில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்று உத்தரவு. வண்டியின் டேங்கில் மட்டும்தான் ஊற்றலாம். அதுவும் காருக்கு ஐந்து லிட்டர். பொழுது சாய்ந்த பிறகு கடற்கரை ரோட்டில் வண்டி போனால் செக்போஸ்ட்டில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து, ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

உத்தரவு போட்டவர்களுக்கு ஒன்று தோன்றவில்லை. பெட்ரோல் சுத்தமாகத் தீர்ந்துபோன வண்டி எப்படி பங்க்குக்கு வரும்?

எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? மாரியூர்க்காரர் ஒருவர் தன் மொபெட்டின் டேங்கை மட்டும் கழற்றி, துண்டில் சுற்றி, பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சாயல்குடிக்கு வந்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று குழம்பியிருக்கிறார். பங்க்கில் போய், "இது கேன் இல்லப்பா, டேங்குதான், நல்லாப் பாரு" என்று அவர் சண்டை பிடித்ததை ஊரே பேசிச் சிரித்தது. பெட்ரோல் கிடைத்ததாம். பஸ்ஸில் திரும்ப ஏற்றத்தான் கண்டக்டர் மறுத்துவிட்டார்.

அந்த நாளில் ஸ்கூட்டரை ஒருபக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, கடைசிச் சொட்டை எஞ்சினுக்கு இறக்கி, அந்தச் சூட்டோடு கிளப்பிக்கொண்டு போகாத ஆளே கிடையாது. மோட்டார் சைக்கிளை ஆட்டிவிட்டு டேங்கில் காதை வைத்துக் கேட்பார்கள். 'சலக்' என்று கேட்டால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். ஆட்டோக்கள் பாதிக்கு மேல் மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு வெள்ளையாகப் புகை விட்டன.

எங்கள் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாயல்குடிக்கும் மாரியூருக்கும் நடுவில் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. மிளகாய், பருத்தி, கொஞ்சம் பனை. ஒரு வருஷம் மிளகாய் நன்றாக விளைந்துவிட்டது. உப்பளக்காரர் ஒருவரிடமிருந்து அய்யா அந்தப் பழைய காரை வாங்கிவிட்டார். மோர் நிறம். ஹார்ன் மட்டும் சளி பிடித்த கிடாய் மாதிரி கத்தும். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அய்யா. அம்மா அதில் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. பின்சீட்டில், கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போய்ச் சேரும்வரை பேசாமல் வருவாள். "முன்னாடி உக்காந்தா ரோடு நம்ம மேல ஏறி வர்ற மாதிரி இருக்கு" என்பாள்.

இந்தத் தொடரை ஒவ்வொரு வாரமும் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்வாள். செவலைக்கு வலக்கொம்பு கொஞ்சம் மடங்கியிருக்கும் என்பதை எழுதச் சொன்னவள் அவள்தான்.

நாளைக்குப் பத்து மணி

அந்த வருஷம் நான் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். ராமநாதபுரத்தில் பெண்கள் பயிற்சிப் பள்ளி. எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் பத்தாவதுக்கு மேல் போனதில்லை. நான் பன்னிரண்டு முடித்ததே அய்யாவின் பிடிவாதத்தில்தான். எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி பெரியப்பா வகையில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். "சீட்டு கிடைக்கலைன்னா தையில கல்யாணம்" என்று அய்யாவே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த இடம் கிடைக்காவிட்டால் என் படிப்பு அத்தோடு முடிந்தது.

தபால்காரர் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடிதத்தைக் கொண்டுவந்தார். நேர்முகத் தேர்வு மறுநாள் காலை பத்து மணி. தேர்வானால் அன்றே விடுதியில் சேர வேண்டும், பெட்டி படுக்கையோடு வரவும். வராதவர் இடம் அடுத்தவருக்கு.

டீசல் இல்லை என்று எங்கள் ஊரிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் ராமநாதபுரம் போகிற காலைப் பஸ்ஸையும் மாலைப் பஸ்ஸையும் நிறுத்தியிருந்தார்கள். மிச்சமிருந்தது பதினோரு மணிப் பஸ் ஒன்று. அன்றைக்கு அது போய்விட்டிருந்தது. மறுநாள் அதில் ஏறினால் ராமநாதபுரம் போவதற்குள் தேர்வு முடிந்துவிடும்.

அய்யா காரைப் போய்ப் பார்த்தார். டேங்கில் குச்சியை விட்டு எடுத்தார். குச்சி காய்ந்திருந்தது.

நான் அழ ஆரம்பித்தேன். அம்மா என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அய்யா தொழுவத்துக்குப் போனார்.

ஓடுகிற வண்டி

அப்படித்தான் ஐந்து கிலோமீட்டர் தூரம் காரை மாடு இழுக்க, நான் முகத்தை மூடிக்கொண்டு சாயல்குடிக்குள் நுழைந்தேன்.

பங்க்கில் பெட்ரோல் ஊற்றுபவர் காதர் சித்தப்பா. அய்யாவை அண்ணே என்று கூப்பிடுவார், அதனால் எனக்குச் சித்தப்பா. எங்களைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் நிறுத்திவிட்டார். "பிள்ளை படிப்புக்குன்னா ஊத்திருவோம்ண்ணே. அல்லா இருக்கான்" என்று குழாயை எடுத்தார்.

ஆனால் அங்கே காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள் நின்றார். ஓடாத வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து நிரப்பி, வீட்டுக்குப் போய்க் குழாய் போட்டு உறிஞ்சி படகுக்கு விற்கிறார்கள் என்பது அவருடைய கவலை. அதில் பொய்யும் இல்லை.

"ஓடாத வண்டிக்கு எதுக்குய்யா பெட்ரோலு?"

"ஊத்தினாத்தான சார் ஓடும்?" என்றார் அய்யா.

"கதை விடாத. ஓடுற வண்டிக்குத்தான் ஊத்தணும்னு ஆர்டர். ஸ்டார்ட் பண்ணிக் காட்டு, நான் பாக்கணும்."

ஊற்றாமல் எப்படி ஸ்டார்ட் பண்ணுவது என்று அவர்கள் இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் காதர் சித்தப்பா, ஊற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தானே உறிஞ்சி எடுத்துவிடுவதாகப் பொறுப்பேற்றுக்கொண்டார். ஐந்து லிட்டர் இறங்கியது. அந்த வாசனையை இன்றைக்கும் எங்கே மோந்தாலும் எனக்குப் படிக்கப் போகிற ஆசை வரும். சிரிக்காதீர்கள், உண்மை.

என்னைக் கீழே இறக்கி மாட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு, அய்யா காரில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். நாங்கள் நாலு பேருமே ஒன்றை மறந்துவிட்டோம். மாடுகளை அவிழ்க்கவில்லை.

எஞ்சின் உறுமியதுதான் தாமதம். தன் பின்னங்காலுக்குப் பின்னால் அப்படி ஒரு சத்தத்தை மயிலை அதற்கு முன் கேட்டதில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. செவலையும் கூடவே பாய்ந்தது. கயிறு என் கையை உருவிக்கொண்டு போயிற்று. கார் பின்னால் ஓட, காருக்குள் அய்யா, காருக்குப் பின்னால் கான்ஸ்டபிள், அவருக்குப் பின்னால் நான், கடைத்தெரு பாதி தூரம் ஓடினோம். பழக்கடைக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கண்டதும் மாடுகள் தாமாகவே நின்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டன.

கான்ஸ்டபிள் மூச்சு வாங்க வந்து தொப்பியைக் கழற்றினார். "ஓடுதுய்யா. உன் வண்டி நல்லாவே ஓடுது. கெளம்பு."

திரும்பவும் மாடுதான்

இனி என்ன, காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் கார் ஓட்டத் தெரிந்தவர் அய்யா ஒருவர். மயிலையை நடத்தத் தெரிந்தவரும் அய்யா ஒருவர். வேறு யார் கயிற்றைப் பிடித்து நடத்தினாலும் அது படுத்துக்கொள்ளும். கிளம்பும்போது இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அய்யா மாடுகளையும் பெட்ரோல் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"ஏறு தாயி. வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கு பெட்ரோலு? அது நாளைக்கு."

பெட்ரோல் ஊற்றிய காரை மாடு இழுத்துக்கொண்டு போனதைச் சாயல்குடிக் கடைத்தெரு எழுந்து நின்று பார்த்தது. "என்னண்ணே, போட்ட பெறகும் மாடுதானா?" என்று காதர் சித்தப்பா கத்தினார். எனக்கு இந்த முறை முகத்தை மூடக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். அம்மா வாசலோடு நின்றுகொண்டாள். ஆள் கனம் கூடினால் பெட்ரோல் கூடக் குடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அய்யா வழியெல்லாம் கார் வேகமெடுத்ததும் எஞ்சினை அணைத்து, உருண்டு போகும்வரை போகவிட்டு, மறுபடி கிளப்பினார். வழியில் ஹார்னைக்கூட அடிக்கவில்லை. ஹார்ன் பெட்ரோலில் ஓடுவதில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லப் பயமாக இருந்தது.

ஒன்பதே முக்காலுக்குப் பயிற்சிப் பள்ளி வாசலில் இறங்கினேன். மத்தியானம் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. அய்யா அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தார். என் பெட்டியை விடுதி வராந்தாவில் வைத்துவிட்டு, "நான் பையப் போய்க்கிறேன். நீ உள்ள போ" என்றார். கார் கிளம்பித் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

ஐந்து லிட்டர் போவதற்கு மட்டும்தான் காணும் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். எனக்கு அது தெரியாது.

மாடியில் ஒரு சன்னல்

விடுதியில் எனக்குப் பக்கத்துப் படுக்கை ஜெசிந்தா. தங்கச்சிமடத்துப் பெண். அவள் அப்பாவுக்கு விசைப்படகு. பயமே அறியாதவள், எதற்கும் சத்தமாகச் சிரிப்பாள். அவளைப்போல ஆகிவிட வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே எனக்கு ஆசை.

சேர்ந்து நாலைந்து நாள் இருக்கும். சாயங்காலம் மாடியில் தலை பின்னிக்கொண்டிருந்தோம். சன்னலோரம் நின்ற ஜெசிந்தா கத்தினாள். "ஏய், எல்லாரும் ஓடியாங்கடி! மாடு கார் ஓட்டுது!"

எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மோர் நிறக் கார். மடங்கிய கொம்போடு செவலை. பக்கத்தில் மயிலை. அய்யா நுகத்தடியில் ஒரு கையைப் போட்டபடி நடந்துகொண்டிருந்தார். காலில் செருப்பைக் காணவில்லை, அறுந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்சீட்டில், விளிம்பில் உட்கார்ந்திருந்தது என் அம்மா.

ராமநாதபுரத்தில் எங்கேயும் பெட்ரோல் இருப்பு இல்லை. தெருமுனையைத் தாண்டியதும் நின்றுபோன காரை, ஒரு மரவாடியில் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அய்யா உப்பு லாரி ஏறியும் நடந்தும் வீட்டுக்குப் போயிருக்கிறார். பத்து நாள் விட்டால் டயர் மிஞ்சாது. அதனால் அம்மாவையும் மாடுகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு நாள் நடந்து, காரைக் கட்டி இழுத்துப் போக வந்திருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. சன்னலில் நின்றபோது எனக்குத் தெரிந்தது பதினைந்து பெண்கள் சிரிக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

"சாயல்குடி ரோட்டுப் பக்கமால்ல போகுது? உங்க ஊர் ஆளுகளாடி?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"யாரோ. எனக்கென்ன தெரியும்?" என்றேன். சொன்னதோடு விடவில்லை. அவளைப்போலவே சத்தமாகச் சிரித்தேன்.

கீழே ஒரு ஆடு குறுக்கே வந்தது. அம்மா ஹார்னை அழுத்தினாள். அந்தச் சளி பிடித்த சத்தம் தெருவெல்லாம் கேட்டது. பெண்கள் இன்னும் சிரித்தார்கள். அப்போது அம்மா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு ரோட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாளா இல்லையா என்று விடுமுறை வரும்வரை மூன்று மாதமும் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்ததும் அய்யாதான் ஆரம்பித்தார். "உன்னைய அன்னைக்கு உங்கம்மா பார்த்துட்டாளாம்ல தாயி? மாடிச் சன்னல்ல. பிள்ளைகளோட நின்னு ஒரே சிரிப்பா சிரிச்சுக்கிட்டு இருந்தியாம். பிள்ளை சந்தோசமா இருக்கு, கவலைப்படாதீங்கன்னு சொன்னா. அதைக் கேட்ட பெறகுதான் எனக்குக் காலு வலியே தெரியல."

அம்மா எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வாசித்துக் காட்டியது

படித்தேன், வேலைக்கு வந்தேன், தலைமையாசிரியை ஆனேன். எத்தனையோ பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிப் பிரம்பைத் தூக்கியிருக்கிறேன். தூக்கும்போதெல்லாம் அந்தச் சன்னல் ஞாபகம் வரும், பாதியில் இறக்கிவிடுவேன். அய்யா போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. கடைசிவரை ஊரில் யார் வந்தாலும், "எம்பிள்ளை ஆஸ்டல்ல சிரிச்ச சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவே இல்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். இந்த அத்தியாயத்தை எழுதிவிட்டு இரண்டு நாள் வாசிக்காமலே வைத்திருந்தேன். "என்னடி, இந்த வாரம் ஒண்ணும் இல்லையா?" என்று அவளே கேட்டுவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்து வாசித்தேன். சன்னல் வந்த இடத்தில் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன். நிறுத்தாமல் கடைசிவரை வாசித்து முடித்தேன்.

அம்மா கண்ணை மூடியபடியே இருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதாடி?" என்றாள். "பெத்தவளுக்குப் பிள்ளை எதைப் பார்த்துச் சிரிக்குதுன்னு தெரியாதா?"

"பெறகு ஏம்மா அய்யாகிட்ட அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அந்த மனுசன் இன்னும் ரெண்டு நாளு நடக்கணும்ல?"